அக்கரையில் ஒரு நீல அறை

கஸ்தெல்மோரோ கோட்டை
1487, பிப்ரவரி 3, மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள்

வால்செரேனாப் பிரபுவின் துணைவியார் இசோத்தா அம்மையாருக்கு, வியொலாந்தே எழுதுவது.

சம்பந்தி என்று எழுதலாமா? எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

உங்களுக்குப் பெண் பிறந்த செய்தி வந்தபோது நான் தலை கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒத்தோனே படிக்கட்டில் நின்றபடியே "பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு!" என்று கத்தினார். ஈரத்தலையோடு முற்றத்துக்கு ஓடினேன். பெண் பிறந்ததற்கு ஓர் ஆண்பிள்ளை இப்படிக் குதித்ததை நான் பார்த்ததே இல்லை. ஏன் குதிக்கமாட்டார்? உங்கள் வீட்டில் பெண் பிறந்தால் எங்கள் அஸ்கானியோவுக்கு என்று இரண்டு பிரபுக்களும் கை அடித்துக்கொண்ட அன்றுதானே சண்டை நின்றது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த வருடம்தான் கோதுமை எரியாமல் நிற்கிறது.

அஸ்கானியோவுக்கு நாலு வயது. "உனக்குப் பொண்டாட்டி பொறந்திருக்காடா" என்றேன். "அவளுக்குக் குதிரை ஏறத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றதும் முகம் விழுந்துவிட்டது.

நிச்சய மோதிரம் அனுப்பியிருக்கிறேன். விரலுக்குப் பெரிதாக இருந்தால் நாடாவில் கோத்துக் கழுத்தில் போடுங்கள். அவளுக்காக ஓர் அறை தயார் செய்கிறேன். கூரைக்கு நீலம் அடித்து நட்சத்திரம் வரையச் சொல்லியிருக்கிறேன். ஓவியன் ஏணியில்தான் சாப்பிடுகிறான், நான் இறங்க விடுவதில்லை. பால்குடி மறந்ததும் அனுப்பிவிடுங்கள். வழக்கம் அதுதானே.

ஞானஸ்நானத்துக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம்.

வியொலாந்தே


வால்செரேனா
பிப்ரவரி 7

வியொலாந்தே அம்மையாருக்கு வணக்கம்.

மோதிரம் வந்தது. அவள் கட்டைவிரலுக்கே பெரிது. பெட்டியில் வைத்திருக்கிறேன். கழுத்தில் போடவில்லை. கழுத்தில் எதைப் போட்டாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பைச் சுற்றிக் கட்டும் துணியே இறுகிவிடுமோ என்று பத்துத் தடவை விரல் விட்டுப் பார்க்கிறேன். பால் கொடுக்கும் நென்சா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "பிள்ளை நல்லாத்தான் தூங்குதும்மா. மூச்சு வருதா மூச்சு வருதான்னு மூக்குகிட்டக் கண்ணாடியக் கொண்டு போயி நீங்களே எழுப்பிவிடுறீங்க" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் கண்ணாடியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பால்குடி மறந்ததும் அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் பூனைக்குட்டி கேட்பது போலக் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அப்படி வந்தவள்தான். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருக்கிற அதே பாலத்தில்தான் என்னைக் கைமாற்றினார்கள். எனக்கு ஏழு வயது. இளவரசி, சமாதானத்தின் புறா என்றெல்லாம் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு கூடாரத்துக்குள் கூட்டிப்போய் என் ஊர் உடையைக் கடைசி நூல்வரை கழற்றி, இந்த ஊர் உடையை மாட்டினார்கள். என்னை வளர்த்தவளைத் திருப்பி அனுப்பினார்கள். என் நாய்க்குட்டியையும். அது பாலத்தின் பாதியில் நின்று குரைத்தது. அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

என் கணவர் கல்வானோ நல்லவர். ஆனால் நல்லவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். சாம்பல் புதனுக்கு முன் ஞானஸ்நானம், மறுநாள் நிச்சய ஓலை என்று முடிவாகிவிட்டது. நீங்கள் வந்து சேரும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், ஊர் பார்க்க வேண்டுமாம். அதுவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்று நான் தூங்காமல் கிடக்கிறேன்.

என் மகளுக்கு இங்கே ஓர் அறை இருக்கிறது. என் அறை.

இசோத்தா


கஸ்தெல்மோரோ
பிப்ரவரி 10

இசோத்தாவுக்கு.

இந்தக் கடிதத்தை எழுத்தரிடம் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன். நாடா விற்கும் மெங்கா உங்கள் கோட்டைக்கும் வருகிறவள்தான், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பூனைக்குட்டி என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை நீ என்னவென்று நினைத்தாய்? என்னையும் ஆறு வயதில்தான் கொண்டுவந்தார்கள். நான் அழுது செத்துவிடவில்லை. எல்லாப் பிரபு வீட்டுப் பெண்ணும் போகிற வழிதான். உனக்கு மட்டும்தான் அம்மா இருந்தாளா?

போன சண்டையில் என் தம்பி அந்தப் பாலத்துக்குக் கீழேதான் கிடந்தான். அவன் தலைமுடி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். இந்தக் கல்யாணம் இல்லையென்றால் அடுத்த அறுவடைக்கு மறுபடியும் கொடி தூக்குவார்கள். அஸ்கானியோ வளர்ந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு இப்போதே மரக்கத்தி செய்து கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லக்கூடாதென்றுதான் இருந்தேன். அஸ்கானியோவுக்குப் பிறகு எனக்குப் பிறந்தவை தங்கவில்லை. இரண்டும் பெண். அந்த அறைக்கு நீலம் அடிக்கச் சொன்னது மருமகளுக்காக இல்லை. நான் கேட்பது மகளை.

வியொலாந்தே


வால்செரேனா
பிப்ரவரி 13

வியொலாந்தே அம்மா,

நம் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பூனைக்குட்டி என்றதற்கு மன்னிப்பையும் அப்புறம் கேட்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்து அழுதேன், பிறகு அதே வரியைப் படித்து இன்னும் பயந்தேன். அதையெல்லாம் விடுங்கள். இப்போது நடந்ததைக் கேளுங்கள், எனக்கு மூச்சு வாங்குகிறது, மை தெறித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஜன்னலுக்குக் கீழே துணி வெளுக்கிற முற்றம். இன்று காலை அங்கே பிப்பாவுக்கும் செக்காவுக்கும் சண்டை. முதலில் ஜன்னலைச் சாத்தத்தான் போனேன், பிள்ளை எழுந்துவிடுமே என்று.

"உன் பொண்ணு என் வீட்டு மருமகளா வரலைன்னு எம்மேல ஏண்டி பாயுற? பனி கொட்டுன அன்னைக்கு, கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நின்னு, இந்தா புடின்னு பிள்ளைய என் கையில குடுத்தவ நீதானே?" இது பிப்பா.

"வேற ஒருத்தியும் வரலையே! வந்திருந்தா உன் மூஞ்சியில யாரு முழிச்சா? இப்டி ஒரு முடிச்சு விழும்னு நான் கண்டேனா?" இது செக்கா.

"சாமியாரு சொல்லிட்டாரு. தொட்டியிலருந்து தூக்குனவ நான். அப்போ அவளுக்கு நானும் ஒரு ஆத்தா. என் பையன் அவளுக்கு அண்ணன். அண்ணனுக்குக் கட்டிக் குடுப்பியா? குடுப்பியா சொல்லு!"

"அடி போடி. உன் பையனோட அழகுக்கு இதுவும் நல்லதுக்குத்தான்."

அதற்கு இருவரும் சிரித்துவிட்டார்கள். "வா கொமாரே, இந்தப் போர்வையப் புடி" என்று, பெற்றவளும் ஞானத்தாயும் கூப்பிட்டுக்கொள்கிற முறையில் பிப்பா சொன்னாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தார்கள். அவ்வளவுதான் சண்டை.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது நமக்குத் தெரியாததா? ஞானத்தாயின் பிள்ளை ஞானப்பிள்ளையைக் கட்ட முடியாது என்பது வேதபாடத்தில் படித்ததுதானே? நம் வக்கீல்கள் நிச்சய ஓலையில் மலையை எழுதினார்கள், ஆலையை எழுதினார்கள், ஆற்று மீனைக்கூடப் பங்கு போட்டார்கள். தொட்டியில் யார் பிள்ளையைத் தூக்குவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் அது முன்பே முடிவானது, என் கணவரின் அத்தை தியனோராச் சீமாட்டிதான் ஞானத்தாய். அவருக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. எங்கள் கோவில் தொட்டி பழைய காலத்தது, நாலைந்து படி கீழே இறங்க வேண்டும். அவர் இறங்கமாட்டார். கடைசி நிமிடத்தில் யாராவது கை நீட்டித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் நீட்டுங்கள்.

நீங்கள் நீட்டினால் அஸ்கானியோ என் மகளுக்கு அண்ணன். கல்யாணம் கிடையாது. ஆனால் உங்கள் கணவரும் என் கணவரும் உறவாகிவிடுவார்கள், ஊர் பார்க்க, ஆயர் பார்க்க. இந்த நாட்டில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள், மாமன் மருமகன் விஷம் வைப்பார்கள். பிள்ளையைத் தொட்டியில் தூக்கிய வீட்டின்மேல் படை எடுத்துப் போனவனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

என்னால் செய்ய முடியாது. பிரசவம் ஆகி நாற்பது நாள் கழியாமல் நான் கோவில் வாசலை மிதிக்கக்கூடாது. என் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நான் இந்த அறையில்தான் இருப்பேன். எல்லாம் உங்கள் கையில்.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

இசோத்தா


கஸ்தெல்மோரோ
பிப்ரவரி 16

இசோத்தா,

எரித்துவிட்டேன். எரித்தும் ஒரு பயனும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாகிவிட்டது. கடிதம் கொண்டுவந்த மெங்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீமாட்டிக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா? சொன்னா அதுக்கேத்த நெறத்துல நாடா எடுப்பேன்" என்றாள். எனக்கே தெரியவில்லை என்றேன். இரண்டு நிறத்திலும் விற்றுவிட்டுப் போனாள்.

உனக்கு மூளை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ என்னிடம் கேட்பது என்னவென்று உனக்குத் தெரிகிறதா? உன் கையில் இருப்பதை நீ வைத்துக்கொள்ள, என் கைக்கு வரவிருப்பதை நானே தட்டிவிட வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு, ஊர் பார்க்க. வீட்டுக்கு வந்ததும் ஒத்தோனே என்னை என்ன செய்வார் என்று யோசித்தாயா? கூரையில் நட்சத்திரங்கள் காய்ந்துவிட்டன. கட்டில்கூட வந்துவிட்டது. அஸ்கானியோ அதன்மேல் ஏறிக் குதித்து ஒரு காலை ஆட்டிவைத்திருக்கிறான்.

வருகிறேன். மாமியாராகப் போகிறவள் பிள்ளையைத் துணி அவிழ்த்துப் பார்க்கிற வழக்கம் உண்டல்லவா, அதையும் செய்வேன். கை கால் நேராக இருக்கிறதா என்று ஒத்தோனே விசாரிக்கச் சொல்லியிருக்கிறார், குதிரை வாங்குகிறவர் மாதிரி. வாக்கு எதுவும் நான் தரவில்லை. அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லாதே.

வியொலாந்தே


வால்செரேனா, மாடி அறையிலிருந்து
பிப்ரவரி 25, விடிந்ததும்

அம்மா,

நீங்கள் தங்கியிருக்கும் விருந்தினர் மாளிகைக்கு நென்சாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரே கோட்டைக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நேற்று நீங்கள் வந்தபோது அறை முழுக்கப் பெண்கள். வாயைத் திறக்க முடிந்ததா?

நீங்கள் துணியை அவிழ்த்தீர்கள். அவள் கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தீர்கள். முதுகைத் தடவினீர்கள். அவள் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டாள், நீங்கள் உருவவில்லை. வெகு நேரம் உருவவில்லை. பிறகு நீங்களே சுற்றிக் கட்டினீர்கள், நென்சாவைவிட நன்றாக. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் விடியும்வரை என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மகளாகத்தான் வேண்டும் என்று அர்த்தமா? நீங்கள் கட்டிய கட்டைப் பார்த்தபோது, இவர் நன்றாகத்தான் வளர்ப்பார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அவள் இரண்டு முறை இருமினாள். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கச் சொல்லுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது.

இதோ தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். தியனோராச் சீமாட்டியைக் கீழே நாற்காலியோடு தூக்குகிறார்கள். அவர்கள் போன பிறகு ஊர் மணிகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இசோத்தா


வால்செரேனா, விருந்தினர் மாளிகை
அதே நாள், மாலை

இசோத்தா! இசோத்தா!

உன் அறைக்கு ஓடி வந்தேன். உன் கணவரின் அத்தை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளை பெத்தவளுக்கு இளைப்பாறல் வேணும், யாரும் உள்ள போகக்கூடாது" என்கிறாள். தன் இடத்தை நான் பிடுங்கிவிட்டேன் என்று கோபம். ஒத்தோனே கோவேறு கழுதைகளுக்குச் சேணம் போடச் சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன். முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நான் கை விட்டுப் பார்த்தேன். அவள் இருமவில்லை.

இப்போது கேள்.

கோவிலில் எள் போட்டால் விழாது. ஒரு பக்கம் உங்கள் ஆட்கள், ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், கையெல்லாம் இடுப்பில், கத்தி இருக்கிற இடத்தில். தியனோரா பிள்ளையோடு படிக்கட்டு ஓரம் வந்து நின்றாள். கீழே பார்த்தாள். "ஆண்டவரே, இது கெணறா தொட்டியா?" என்றாள். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். ஆயர் கீழே காத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை வீறிட ஆரம்பித்தது.

அதுவரைக்கும் நான் முடிவு செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. நீல அறைதான் கண்ணில் நின்றது. ஆனால் நேற்று நான் துணியை அவிழ்த்தபோது நீ எங்கே நின்றாய் தெரியுமா? கதவோரம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் கிளம்பிய அன்று என் அம்மா அப்படித்தான் நின்றாள். அவள் முகம் எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் கை மட்டும் நேற்று திரும்பி வந்தது.

கை நீட்டினேன்.

"குடுங்க அத்தை, நான் எறங்குறேன்" என்றேன். தியனோரா பிள்ளையை இறுக்கிக்கொண்டு உன் கணவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ, யாராவது எழுந்து தடுத்துவிடுவார்களோ! கல்வானோ என்ன செய்தார் தெரியுமா? கண் கலங்கிவிட்டது அவருக்கு. "குடுங்க, குடுங்க! கஸ்தெல்மோரோ வீட்டுச் சீமாட்டி கையாலயே ஆகட்டும்!" என்று கத்தினார். அவரே சொன்னார், இசோத்தா! ஊரே கைதட்டியது. நான் படி இறங்கி, அவளைத் தண்ணீருக்குமேல் பிடித்து, பெயரைச் சொன்னேன். பார்த்தொலோமேயா. இத்தனை சின்ன உடம்புக்கு இத்தனை நீளப் பெயர் வைத்திருக்கிறார்கள், நான் மேயா என்றுதான் கூப்பிடப்போகிறேன். தண்ணீர் பட்டதும் அழுகையை நிறுத்தி என்னை முறைத்தாள். அப்படியே உன் முகம்.

மேலே வந்தால் இரண்டு ஆண்பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஞான உறவு முறை சொல்லி அழுகிறார்கள். "கொம்பாரே!" "கொம்பாரே!" மணி அடித்தது கேட்டிருக்குமே.

விருந்தில்தான் வெடித்தது. விலாங்கு மீன் பணியாரம் வந்தபோது ஆயர் கையில் எடுத்ததை அப்படியே கீழே வைத்தார்.

"ஐயா, நாளைக்கு அந்த ஓலை... அது செல்லாதுங்களே."

"எந்த ஓலை?" என்றார் ஒத்தோனே, வாய் நிறைய.

"நிச்சய ஓலை. உங்க பையன் இப்போ அந்தப் பிள்ளைக்கு அண்ணன் முறை."

"அண்ணனா? எங்கேருந்து வந்தான் அண்ணன்?"

"தொட்டியிலேருந்து, ஐயா."

உன் கணவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தட்டைப் பார்த்தார். ஒத்தோனே என்னைப் பார்த்தார். ரோமாபுரிக்கு எழுதிப் பாப்பரசரிடம் விலக்குக் கேட்கலாமே என்று யாரோ முனகினார்கள். "கேக்கலாம். பதில் வர்றதுக்குள்ள பையனுக்கு மீசை நரைச்சிடும்" என்றார் ஆயர்.

நான் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? ஊர் முழுக்கப் பாக்க ரெண்டு பேரும் கொம்பாரேன்னு கட்டிப்புடிச்சாச்சு. இனிமே கொம்பாரே வீட்டு வயல்ல தீ வெக்கிறவனுக்கு எந்த ஊர்ல ஒரு துண்டு ரொட்டி போடுவாங்க? கல்யாணம்னா இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும். இது இன்னைக்கே ஆயிடுச்சு" என்றேன்.

உன் கல்வானோதான் முதலில் சிரித்தார். ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். ஒத்தோனே சிரிக்கவில்லை. ஆனால் அவர் கிண்ணத்தில் கல்வானோ மது ஊற்றியபோது கிண்ணத்தை நகர்த்தவும் இல்லை. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வருவார். வரட்டும். குளிருக்குப் பேச்சுத் துணை.

சேணம் போட்டாயிற்று என்று கூப்பிடுகிறார்கள். அந்த மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அதற்குப் பதில் நென்சாவிடம் ஒரு பவளக் கிளை கொடுத்திருக்கிறேன். ஞானத்தாய் கொடுக்கிறது. என் பெண்களுக்காக வாங்கியது, ஒருத்திக்கும் பல் முளைக்கவில்லை. மேயா கடிக்கட்டும்.

வியொலாந்தே


வால்செரேனா
மார்ச் 12

கொமாரே,

எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

இன்று காலை நாற்பது நாள் முடிந்து கோவிலுக்குப் போனேன். மெழுகுதிரி பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும் நேராக அந்தத் தொட்டிக்குத்தான் போனேன். படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீ எந்தப் படியில் நின்றாய் என்று ஆயரிடம் கேட்டேன். அவர் காட்டினார். காட்டிவிட்டு, "சீமாட்டி, இது யார் யோசனைன்னு நான் கேக்கமாட்டேன்" என்றார். "கேக்காதீங்க சாமி" என்றேன்.

மோதிரத்தை மெங்காவிடம் கொடுத்திருக்கிறேன். பவளத்தில் மேயா இப்போதே வாய் வைக்கிறாள், பல் ஒன்றும் இல்லாமலே. விழுங்கிவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். "அது அவ தலையவிடப் பெருசும்மா, எப்படி முழுங்குவா?" என்கிறாள் நென்சா. கண்ணாடி மட்டும் இன்னும் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது.

உன் கணவரும் என் கணவரும் சேர்ந்து வாத்து வேட்டைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் அடித்தது பெரிது என்று சண்டை வரும். வரட்டும், வாத்தோடு போகட்டும்.

கொமாரே, நீ எழுதிய எதிலும் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூட்டிவிட்டாயோ? பூட்டாதே. கட்டில் காலைச் சரிசெய்து வை. வெயில் வந்ததும் நாங்கள் வருகிறோம், நானும் மேயாவும். நட்சத்திரத்தை எல்லாம் அவள் பார்க்க வேண்டும். குதிரை ஏறக் கற்றுக்கொடுப்பதானால் அண்ணன் காத்திருக்க வேண்டும் என்று அஸ்கானியோவிடம் சொல்.

ஒன்று மட்டும் உங்கள் ஆட்களிடம் முன்பே சொல்லிவை. பாலத்தின் நடுவில் வந்து நின்று பிள்ளையை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்ட வேண்டாம். கூடாரமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். நானே தூக்கிக்கொண்டு நடந்து வருவேன். கோடை முடிந்ததும் நானே தூக்கிக்கொண்டு திரும்புவேன்.

நீ மட்டும் அக்கரையில் நில்.

உன் கொமாரே
இசோத்தா